புரியாத எழுத்தில் ஒரு கசெட்

அண்ணா, வணக்கம். யப்பானில் இருந்து சூப்பர் ஃபமிகொம் என்ற ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியும் அதில் போடும் ‘டிராகன் குவெஸ்ட் 5’ விளையாட்டுக் கசெட்டும் எடுப்பித்தேன். அம்மா ‘காசைக் கரியாக்கிறாய்’ என்கிறா. நண்பர்கள் ‘ஆங்கிலத்தில் போனிலேயே விளையாடலாமே’ என்று சிரிக்கிறார்கள். எனக்கு யப்பான் மொழி தெரியாது. போன் கமராவைக் காட்டி வரிக்கு வரி மொழிபெயர்த்துத்தான் விளையாடுகிறேன். இது வீண் வேலையா?
— கிளிநொச்சி வாசகர்

அன்புள்ள தம்பி,

காசு விஷயத்தை நீங்களும் அம்மாவும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். யப்பானில் கரண்ட் 100 வோல்ற், எங்களுக்கு 230. ரான்ஸ்போமர் போட்டுத்தானே செருகுகிறீர்கள்?

சரி, அந்தப் போன் கமராவுக்கு வருகிறேன். வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

2002இல் போர்நிறுத்தம் வந்து வன்னி ஊடான ஏ9 பாதை திறந்த பிறகு ஜேர்மனியில் இருந்து சித்தி குடும்பம் எங்களைப் பார்க்க வந்தது. திரும்பிப் போகும்போது சித்தியின் மகன் கையில் வைத்து விளையாடும் தன் கேம் போயை என்னிடம் தந்துவிட்டுப் போனான். உள்ளே போகிமொன் விளையாட்டின் நீலப் பதிப்பு, முழுக்க ஜேர்மன் மொழி. எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. பற்றறியோ அதுவரை வன்னிக்குள் வரத் தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்போதுதான் கடைகளுக்குப் பற்றறி வரத் தொடங்கியிருந்தது. நாலு பற்றறி வாங்குவேன். அவை இறங்கினால் கிணற்றுக்கட்டில் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவேன். இன்னும் பத்து நிமிடம் ஓடும்.

விளையாட்டில் புல்லுக்குள் நடக்கும்போது ஏதாவது பிராணியோடு சண்டை வந்தால் திரையின் கீழே நாலு சொல் வரும். ஒன்றும் விளங்காது. கடைசிச் சொல்லை அழுத்தினால் சண்டை முடிந்து மறுபடி புல்லுக்குள் நிற்பேன். மற்ற ஆட்களோடு வரும் சண்டையில் மட்டும் அது வேலை செய்யாது. ‘ஃப்ளுக்ட்’. நானாகக் கண்டுபிடித்த முதல் ஜேர்மன் சொல் அது. அடுத்த வருடம் சித்தி வந்தபோது, சரியா என்று கேட்டேன். “ஓடித் தப்புறது,” என்றா. கொஞ்சம் பொறுத்து, “நாங்கள் அங்க போனதையும் அந்தச் சொல்லாலதான் சொல்லுவாங்கள்” என்றா.

அந்தச் சொல்லை ஒரு போன் எனக்குச் சொல்லித் தந்திருந்தால் அன்று மாலையே மறந்திருப்பேன். நூறு தரம் அழுத்தி, தோற்று, பற்றறியை வீணாக்கி எடுத்த சொல் அது. எங்களுக்காகச் செய்யப்படாத ஒரு விளையாட்டுக்குள் நுழையும்போது, முதலாம் வகுப்பில் வாங்கில் இருந்த பிள்ளையாகத் திரும்ப ஆகிவிடுகிறோம். படம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. இது கதவாக இருக்கும், இது மருந்தாக இருக்கும் என்று ஊகிக்கிறோம். அந்த ஊகம்தான் முழு ருசியும். கடல் தாண்டி ஒரு கசெட்டை வரவழைத்து, அந்த ருசியை மட்டும் கமராவுக்குத் தின்னக் கொடுக்கிறீர்கள். என்ன வேலை இது?

தொண்ணூறுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் உங்கள் பெட்டியின் அமெரிக்க வடிவமான சூப்பர் நின்டெண்டோவின் வாய்க்குள் இருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை முறித்துவிட்டு யப்பான் கசெட்டைச் செருகினார்கள். யப்பான் கசெட் உள்ளே போகக்கூடாது என்றுதான் அந்தத் துண்டுகளை வைத்திருந்தார்கள். உங்கள் கையில் இருக்கும் கதை 1992இல் வந்தது. ஆங்கிலத்தில் முறைப்படி வெளிவர 2009 ஆனது. அந்தப் 17 வருடத்தில் அகராதியை மடியில் வைத்து விளையாடியவர்கள் உண்டு. பொறுக்கமாட்டாமல் தாங்களே மொழிபெயர்த்தவர்களும் உண்டு. அவர்கள் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கு படுங்கள்.

யப்பான் எழுத்து வகைகளில் ஒன்றான ஹிரகனாவில் அடிப்படை எழுத்து 46தான். 247 எழுத்தைப் பாடமாக்கிய பிள்ளைக்கு இது ஒரு பாரமா? சண்டைக் கட்டளைகளில் முதலாவதைப் பாருங்கள்: நாலு எழுத்து, முதல் இரண்டும் ஒரே எழுத்து. ‘ததக்கவு’. சண்டையிடு என்று அர்த்தம். இதை மட்டும் நான் சொல்லித் தருகிறேன்.

ஓடித் தப்புகிற சொல்லும் அதே பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லமாட்டேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விளையாடுங்கள், கண்டுபிடித்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா