டீரெய்லர் உடைஞ்சா முதல்ல ஹேங்கரைப் பாருங்க

கேள்வி: அண்ணே, போன ஞாயித்துக்கிழமை கேப்பர் மலை பக்கம் முந்திரித் தோப்பு வழியா எம்டிபில (மலைப்பாதை சைக்கிள்ல) போனேன், ஒரு காஞ்ச குச்சி பின் சக்கரத்துல மாட்டி டீரெய்லர் (பின்னாடி செயினை நகத்தி கியர் மாத்தற பாகம்) மேல சுருண்டு உடைஞ்சுபோச்சு. பின்னாடி 7 கியர். கடையில கேட்டா ஃப்ரீவீல் (பின் பல்சக்கரக் கொத்து), செயின், ஷிஃப்டர் (ஹேண்டில்பார்ல கியர் மாத்தற பிடி) எல்லாத்தையும் சேத்து மாத்தணும்னாங்க. நான் டீரெய்லர் மட்டும் வாங்கி வீட்லயே மாட்டிட்டேன். இப்ப 3, 4 கியர்ல டக்குடக்குன்னு சத்தம், கடைசி பெரிய பல்லுக்கு, அதாவது பெரிய பல்சக்கரத்துக்கு, ஏறவே மாட்டேங்குது. டீரெய்லர்ல இருக்கிற ரெண்டு ஸ்க்ரூவையும் திருகித் திருகிப் பாத்துட்டேன்.
- கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்

பதில்: தம்பி, முதல்ல அந்த ஸ்க்ரூவை விட்டுடுங்க. சைக்கிளுக்குப் பின்னாடி தரையில உக்காந்து, கண்ணை பல்சக்கரத்து உயரத்துக்கு வச்சு பாருங்க. டீரெய்லர்ல இருக்கிற ரெண்டு குட்டிச் சக்கரமும் மேல இருக்கிற பல்லுக்கு நேர் கீழ ஒரே கோட்டுல தொங்குதா, இல்ல கீழ் சக்கரம் ஸ்போக் பக்கம் சாஞ்சு நிக்குதா? குச்சி மாட்டி டீரெய்லரையே உடைக்கிற அளவுக்கு இழுத்திருக்குன்னா, அதைத் தாங்கிப் பிடிக்கிற ஹேங்கர் நேரா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. அலுமினியம் ஃப்ரேம்ல ஹேங்கர்ங்கறது ஒண்ணோ ரெண்டோ ஸ்க்ரூவுல நிக்கிற தனித் துண்டு, ஃப்ரேம் தப்பிக்கணும்னு வேணும்னே மென்மையான உலோகத்துல செய்றாங்க, அடிபட்டா அதுதான் முதல்ல வளையும்.

இதை நான் அனுபவிச்சிருக்கேன். புதுச்சேரியிலேர்ந்து கடலூர் திரும்பும்போது கன்னியக்கோயில்ல டீக்கடை ஓரமா நிறுத்தின சைக்கிள் வலது பக்கமா சாஞ்சு விழுந்துச்சு, பார்க்க ஒண்ணுமே ஆகல, ஒரு கீறல் கூட இல்ல, ஆனா கியர் மட்டும் மாறவே இல்ல. வீட்டுக்கு வந்து சாயங்காலம் பூரா கேபிளைக் கட்டி அவுத்து, அவுத்துக் கட்டிப் பாத்தேன், மேல் மூணு கியர் சரியானா கீழ் மூணு கெட்டுது, கீழ சரி பண்ணா மேல கெட்டுது. இந்த அறிகுறியை மறக்காதீங்க, ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கெட்டா ஹேங்கர் வளைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். டீரெய்லர் ஒவ்வொரு பல்லுக்கும் கீழ ஒரே இடைவெளி விட்டு நகரணும்னுதான் 1964-ல ஜப்பான் சன்டூர் கம்பெனி அந்த சாய்வான இணைகர டிசைனைக் கொண்டுவந்துச்சு, இன்னிக்கு நம்ம சைக்கிள்ல இருக்கிறது பெரும்பாலும் அந்த வழியில வந்ததுதான். அதைத் தாங்கற துண்டே கோணினா டிசைன் என்ன பண்ணும்.

வீட்லயே பாக்க ஒரு வழி இருக்கு. ஹேங்கரோட மரை 10 எம்.எம்., ஒரு எம்.எம். பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). குயிக் ரிலீஸ் (ஸ்பானர் இல்லாம கையால கழட்டற லீவர்) வச்ச நிறைய பின் சக்கரத்து ஆக்ஸில்லயும் இதே மரைதான். நண்பர்கிட்ட அப்படி ஒரு சக்கரம் இருந்தா டீரெய்லரைக் கழட்டிட்டு அந்த ஆக்ஸிலை ஹேங்கர் ஓட்டையில கையாலயே திருகுங்க, ரெண்டு சக்கரமும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும், நாலு பக்கமும் ரிம்முக்கு ரிம் ஸ்கேல் வச்சு அளந்தா எங்க கோணல்னு பளிச்சுன்னு தெரியும். கையால போகலன்னா மரை வேற, ஸ்பானர் போட்டு இறுக்காதீங்க. லேசான கோணல்னா அந்தச் சக்கரத்தையே கைப்பிடியா வச்சு மெதுவா நிமித்தலாம், ஒரு தடவைதான், அலுமினியத்தை திரும்பத் திரும்ப வளைச்சா விரிசல் விடும். உங்களோடது உடையற அளவுக்கு அடி வாங்கினது, புதுசே வாங்கிடுங்க. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஹேங்கர் வடிவம் மாறும், அதனால பழசைக் கழட்டி கையில எடுத்துட்டுப் போயி ஓட்டைக்கு ஓட்டை வச்சுப் பாத்து வாங்குங்க, பேரைச் சொல்லி வாங்காதீங்க.

ஹேங்கர் நேரானதும் வேலை சுலபம். சைக்கிளைத் தலைகீழா கவுக்காதீங்க. கூடத்துல ஊஞ்சல் கொக்கி இருந்தா சீட்டுக்கு அடியில கயிறு கட்டி பின் சக்கரம் தரையில படாம தொங்க விடுங்க, அதைவிட நல்ல ஸ்டாண்டு கிடையாது. டீரெய்லர் போல்ட்டை முதல்ல விரலாலயே நாலஞ்சு சுத்து ஏத்துங்க, அதுக்கப்புறம்தான் 5 எம்.எம். ஆலன் கீ, 8லேர்ந்து 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். டீரெய்லர்ல ஒரு சின்ன நாக்கு இருக்கும், அது ஹேங்கரோட படிக்குப் பின்னாடி உக்காந்திருக்கணும், முன்னாடி மாட்டிக்கிட்டா இறுக்கும்போதே நாக்கு வளைஞ்சுடும். செயினை குட்டிச் சக்கரங்களுக்கு நடுவுல விடும்போது அதுங்களைப் பிடிச்சிருக்கிற கூண்டுக்குள்ள ஒரு தகடு துருத்திட்டு இருக்கும், அதுக்கு உள்பக்கமா போகணும், வெளிப்பக்கமா போனா தகட்டுல உரசி கரகரன்னு சத்தம் வரும். நீங்க சொல்ற சத்தத்துக்கு இதுவும் காரணமா இருக்கலாம், பாத்துக்குங்க.

இப்பதான் ஸ்க்ரூ. கேபிளை இன்னும் மாட்டக்கூடாது, நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். கேபிள் இல்லாம டீரெய்லர் தானா சின்னப் பல்லுக்கு வந்து நிக்கும். ஹெச்னு போட்ட ஸ்க்ரூவைத் திருகி மேல் குட்டிச் சக்கரம் சின்னப் பல்லோட வெளி விளிம்புக்கு நேரா நிக்கற மாதிரி வைங்க. அப்புறம் ஒரு கையால பெடலைச் சுத்திக்கிட்டே இன்னொரு கையால டீரெய்லரை உள்ளே தள்ளி செயினைப் பெரிய பல்லுக்கு ஏத்துங்க, அங்க குட்டிச் சக்கரம் பெரிய பல்லுக்கு நேர் கீழ நிக்கணும், அதைத் தாண்டி ஒரு நூல் கூட உள்ளே போகாம எல்னு போட்ட ஸ்க்ரூவை நிறுத்துங்க. பெரிய பல்லுக்கு ஏறலன்னு சொன்னீங்கள்ல, எல் ஸ்க்ரூ அதிகமா இறுகியிருந்தாலும் அப்படித்தான் ஆகும், ஆனா ஹேங்கர் கோணலா இருக்கும்போது அதைத் தளத்தினா செயின் ஸ்போக்குக்குள்ள போயிடும், அதனாலதான் வரிசை முக்கியம்.

கடைசியா கேபிள். ஷிஃப்டரை 7-ல வச்சு, பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் நுழையற இடத்துல கையால திருகற குமிழை) முழுசா உள்ளே திருகி ஒரு சுத்து வெளியே எடுத்து, கேபிளைக் கையால இழுத்து விறைப்பா இருக்கும்போது இறுக்குங்க. ஒரு கிளிக் கொடுத்தா அடுத்த பல்லுக்கு உடனே ஏறணும். ஏறத் தயங்கினா பேரலை கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா கால் சுத்து, இறங்கத் தயங்கினா முள் போற பக்கமா கால் சுத்து. பெரிய பல்லுல இருக்கும்போது மேல் குட்டிச் சக்கரத்துக்கும் பல்லுக்கும் நடுவுல அந்த 5 எம்.எம். ஆலன் கீ நுழையற அளவு இடைவெளி இருந்தா நல்லது, அதுக்குத்தான் பி ஸ்க்ரூ. சில மலிவு மாடல்ல அது இருக்காது, விடுங்க.

ஃப்ரீவீல், ஷிஃப்டர் எல்லாம் மாத்தணும்னு சொன்னது தேவையே இல்ல. செயின் மட்டும் முறுக்கியிருக்கான்னு கண்ணி கண்ணியா பாருங்க.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு. கியர் சைக்கிள் செயின் அடிக்கடி ஸ்போக் பக்கம் விழுந்து சக்கரமே நின்னுடுது. ஓட்ட விடலாமா சார்?
- ஒரு அம்மா, நெல்லித்தோப்பு

பதில்: சரி பண்ற வரைக்கும் பெரிய பல்லுக்கு, அதாவது 1-ம் கியருக்குப் போகவே வேண்டாம்னு சொல்லுங்கம்மா. மேட்டுல ஏறும்போது சக்கரம் திடீர்னு பூட்டிக்கிட்டா பையன் விழுவான், ஸ்போக்கும் அறுந்துடும். மேல மஞ்சக்குப்பம் தம்பிக்குச் சொன்ன மாதிரி ஹேங்கரை முதல்ல பாக்கச் சொல்லுங்க, அதுக்கப்புறம் எல் ஸ்க்ரூவை கால் கால் சுத்தா இறுக்கணும். கடைக்காரர் ஸ்க்ரூவை மட்டும் திருகி அனுப்பினா, பின்னாடி நின்னு டீரெய்லர் நேரா தொங்குதான்னு நீங்களே ஒரு தடவை பாத்துட்டு வாங்கிட்டு வாங்க.

கேள்வி: 7 கியர் ஷிஃப்டருக்கு 8 கியர் டீரெய்லர் போடலாமா? எனக்கு 8தான் கிடைக்குது.
- வில்லியனூர் வாசகர்

பதில்: ரெண்டுமே ஷிமானோ கம்பெனின்னா தாராளமா போடலாம். 6லேர்ந்து 9 கியர் வரைக்கும் அவங்க எம்டிபி டீரெய்லர் கேபிளை இழுக்கற கணக்கு ஒண்ணுதான், எத்தனை கிளிக்குங்கறதை ஷிஃப்டர்தான் முடிவு பண்ணுது. 10 கியர் எம்டிபி டீரெய்லர் வாங்கிடாதீங்க, அந்தக் கணக்கு வேற. முன்னாடி 3 பல்சக்கரம் இருந்தா நீளமான கூண்டு உள்ளதா பாத்து எடுங்க.

கேள்வி: தினமும் காலைல தேவனாம்பட்டினம் பீச் வரைக்கும் போறேன். கியர் சரி பண்ணா ஒரு மாசம்தான், திரும்ப இறங்க மாட்டேங்குது. தேங்காய் எண்ணெய் விட்டும் பாத்தேன்.
- புதுப்பாளையம் வாசகர்

பதில்: ஏறுது, இறங்கத்தான் மாட்டேங்குதுன்னா டீரெய்லர் மேல பழி போடாதீங்க. இழுக்கறது உங்க விரல் பலம், இறக்கறது ஒரு சின்ன ஸ்ப்ரிங், கேபிள் அவுட்டருக்குள்ள (கேபிளைச் சுத்தியிருக்கிற உறைக்குள்ள) உப்புக்காத்துல துரு ஏறினா அந்த ஸ்ப்ரிங்கால ஜெயிக்க முடியாது. பின் சக்கரத்துக்கிட்ட வளைஞ்சு வர்ற அந்தக் கடைசித் துண்டு அவுட்டர்லதான் தண்ணி தேங்கும், அதையும் உள் கேபிளையும் மாத்துங்க. மாத்தும்போது கியர் அவுட்டர்தானான்னு பாருங்க, வெட்டின முனையில கம்பிகள் நீளவாக்குல நேரா தெரியணும். சுருள் சுருளா இருந்தா அது பிரேக் அவுட்டர், இழுக்கும்போது அமுங்கும், கியர் நிக்காது, ஆனா நிறைய கடையில அதைத்தான் மாட்டி விடறாங்க. புது கேபிள் ஒரு வாரம் ஓடினதும் கொஞ்சம் தளரும், அப்ப பேரலை அரைச் சுத்து வெளியே எடுத்தா போதும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்கா மாறி பீச் மணலை எல்லாம் பிடிச்சு வச்சுக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால உப்பைத் துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி, வாரத்துக்கு ஒரு தடவை செயின் ஆயில் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுத்தி, மேல வழியறதைத் துடைச்சுடுங்க.