எடை சரி, தொப்பை மட்டும் பெரிது: மறதிக்கு அதுதான் காரணமா?

வணக்கம். 46 வயது, எடை அளவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆறு மாதமாகத் தொப்பையும் மறதியும் கூடிவிட்டன என்கிறீர்கள். எடையை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட, குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்புதான் தொல்லை. அது அழற்சியைத் தூண்டும், இன்சுலினின் வேலையைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் இதனால் வருடக்கணக்கில் மெல்லப் பழுதாகலாம்.

ஆனால் ஆறு மாத மறதிக்குத் தொப்பையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். முதலில் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை பாருங்கள். குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் பகலில் மூளை மந்தமாகத்தான் இருக்கும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும்.

அப்புறம், தொப்பை குறைய 75 வயது அப்பாவையும் பட்டினி போடப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அந்த வயதில் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும்.