கரியமிலவாயுவைப் பிடிக்கும் ஆராய்ச்சி: மகளைச் சேர்க்கலாமா?

ஐயா, வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கும் உங்கள் மகள் கரியமிலவாயுவைப் பிடிக்கும் எம்ஓஎஃப் பொருள்களில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறார், அதில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். ஆனால் ஆய்வகத்தைப் பார்த்துத்தான் சேர வேண்டும்.

எம்ஓஎஃப் என்பது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, உள்ளெல்லாம் நுண்துளையான படிகம். 2025 வேதியியல் நோபல் பரிசு இதற்குத்தான். வாயுவைப் பிடிப்பது புதிதல்ல: தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016-இலேயே கொதிகலன் புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிரித்து சோடா சாம்பல் செய்தது. அங்கே பிடித்தது எம்ஓஎஃப் அல்ல, அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல். பிடித்ததை வெளியேற்றக் கரைசல் முழுவதையும் சூடாக்க வேண்டும்; செலவு அதில்தான். எம்ஓஎஃப் போன்ற திடப்பொருளுக்கு அவ்வளவு வெப்பம் தேவைப்படாது என்பதுதான் நம்பிக்கை.

சிக்கல், தண்ணீர். எச்கேயுஎஸ்டி-1 என்ற செம்பு எம்ஓஎஃப் தூள் சாதாரணமாக வெளிர்நீலம். வெற்றிடத்தில் சூடாக்கினால் நீர் வெளியேறி அடர் ஊதாநீலமாகும். குப்பியைத் திறந்து வையுங்கள், மறுபடி வெளுத்துவிடும். வாயு உட்கார வேண்டிய இடத்தில் காற்றின் ஈரம் வந்து உட்கார்ந்துவிட்டது! புகைபோக்கியிலும் நீராவி உண்டே. மெக்னீசியம் எம்ஓஎஃப்-74 உலர்ந்த வாயுவில் அள்ளிக் குவிக்கும், ஈரத்தில் சறுக்கிவிடும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழு உருவாக்கிய கால்ஃப்-20 என்ற எம்ஓஎஃப் அந்த அளவுக்கு வாயுவைப் பிடிக்காது. ஆனாலும் ஈரத்தைத் தாங்கும். தொழிற்சாலை அளவில் தயாரிப்புக்குப் போனது அதுதான். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

அதனால் சேருமுன் மகள் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். ஈரம் கலந்த வாயுக் கலவையைத் தூள் நிரப்பிய குழாய்க்குள் செலுத்தி அளக்கும் வசதி அங்கே இருக்கிறதா? பலமுறை வாயுவைப் பிடித்து வெளியேற்றிய பிறகும் அதே அளவு பிடிக்கிறதா என்று பார்க்கிறார்களா? புதுப் படிகம் செய்து, உலர்ந்த வாயுவில் ஒருமுறை அளந்து, கட்டுரை போடுவதோடு நிற்கும் இடம் என்றால், வேண்டாம் என்பேன். அளக்கத் தெரிந்தவருக்கு எம்ஓஎஃப் வேலையே வரவேண்டும் என்றில்லை. மருத்துவமனை ஆக்சிஜன் கருவிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரஜன் பிரிப்பும், வாயுவைத் திடப்பொருளின் பரப்பில் பிடித்துவைக்கும் இதே பரப்புக்கவர்ச்சி அறிவில்தான் ஓடுகின்றன.

பணம் பற்றியும் கேட்டீர்கள். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதலிரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பெங்களூரு ஜேஎன்சிஏஎஸ்ஆர் ஆராய்ச்சி மையம், பாவ்நகர் உப்பு ஆராய்ச்சி நிலையம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், பேராசிரியருக்கு எழுதும்போதே, அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவரிடமும் அரைமணி நேரம் போனில் பேசட்டும். கருவி ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்பதை அவர்தான் சொல்வார்.