ஆட்களின் ஆதார் மேஸ்திரி கையில்: சப் காண்ட்ராக்டர் மாட்டுவாரா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் நெடுஞ்சாலைத்துறையின் தடுப்புச் சுவர் வேலையைச் சப் காண்ட்ராக்டில் எடுத்திருக்கிறேன். ஒரு மேஸ்திரி ஒடிசாவிலிருந்து 11 பேரைக் கூட்டி வந்தார். தலைக்கு 25,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாராம். ஆதார், ஏடிஎம் கார்டெல்லாம் அவரிடம். மொத்தக் கூலியும் அவர் கைக்கே போகிறது. ஆட்களுக்கு வாரச் செலவுக்காசுதான். இரண்டு பேர் ஊருக்குப் போகக் கேட்டும் விடவில்லை. இதில் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: வரும். அட்வான்ஸ் கொடுப்பது மட்டும் குற்றமல்ல. அதைக் காட்டிப் போகவிடாமல் தடுத்தால், அல்லது வேறு வேலைக்குப் போகும் உரிமையைப் பறித்தால், அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அந்தக் கடன் 6-ஆவது பிரிவின்படி ரத்தாகிவிடும். கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவருடையதே. சுரண்டுவதற்காக ஏமாற்றியோ மிரட்டியோ அழைத்து வந்திருந்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவும் (ஆள்கடத்தல்) சேரும்: ஒருவருக்கு மேற்பட்டோர் என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை. ‘விரும்பித்தானே வந்தார்கள்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆட்களைக் கூட்டி வந்தவர் மட்டுமல்ல, பெற்றுக்கொண்டு தங்க வைத்தவரும் அந்தப் பிரிவுக்குள் வருவார். இவ்வளவும் தெரிந்த பிறகு நீங்கள் சும்மா இருப்பதுதான் ஆபத்து.

துறைக்கும் பொறுப்பு உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில், தீர்ப்பளித்தது. ‘காண்ட்ராக்டர் பாடு’ என்று அரசு ஒதுங்க முடியாது என்றும் சொன்னது.

முதலில் மேஸ்திரியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே இரவில் ஆட்களை வண்டியில் ஏற்றிக் கூடலூர் வழியாகக் கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ கொண்டுபோய்விட்டால் சாட்சியும் போய்விடும். குன்னூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். பெரும்பாலான மனுக்கள் கெடுவது ‘கூலி பாக்கி’ என்று மட்டும் எழுதுவதால்தான். அது சாதாரணச் சம்பளத் தகராறாகத் தொழிலாளர் துறைக்குப் போய்விடும். அட்வான்ஸ் தொகை, ஆவணங்கள் யாரிடம், போகவிடாமல் தடுத்த தேதி, தடுத்தவர் பெயர் எல்லாம் மனுவில் இருக்கட்டும்.

விசாரணையில் மொழிபெயர்க்க மேஸ்திரியின் ஆளே வந்து நிற்பான். வேறு ஒடியா தெரிந்தவர் வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள். கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக அதிகாரி தரும் விடுவிப்புச் சான்று கைக்கு வருவதற்குள் யாரையும் ரயிலேற்றிவிடாதீர்கள். சான்று இல்லாமல் ஊர் போனவர்களுக்கு மறுவாழ்வுத் தொகை கிடைப்பது பெரும்பாடு. ஆள்கடத்தலுக்கு ஆளானவர்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இனி மேஸ்திரிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கார்டு அவரிடம் இருக்கும்வரை வங்கியில் போட்டாலும் பணம் அவருக்குத்தான். எனவே முதலில் கார்டுகளை முடக்கச் செய்யுங்கள். அதுவரை துறைப் பொறியாளரின் ஆளை வைத்துக்கொண்டு, பதிவேட்டில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ரொக்கமாகக் கொடுங்கள். ‘ஏற்கனவே மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டேன்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. ஆட்களுக்குச் சேராத பாக்கியை நீங்களோ மெயின் காண்ட்ராக்டரோ துறையோ மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். பயணத்துக்குத் தந்த முன்பணத்தைக் கூலியில் பிடிக்கவும் கூடாது.

இன்னொன்று: துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் சப் காண்ட்ராக்ட் விடக் கூடாது என்று டெண்டர் ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும். மனுவில் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.