டெத் ஸ்டாரை எப்போது கட்டி முடிப்போம்?

கேள்வி: ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும், கோளையே வெடிக்கவைக்கும் விண்வெளி நிலையமான டெத் ஸ்டாரை இன்றைக்கு நாம் கட்ட ஆரம்பித்தால் எத்தனை வருடம் ஆகும்?

பதில்: இந்தக் கணக்கை 2012-லேயே அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக மாணவர்கள் போட்டுவிட்டார்கள். குறுக்களவு 140 கிலோமீட்டர், உள்ளே இருக்கும் இரும்பு, விமானந்தாங்கிக் கப்பலில் இருக்கும் அதே விகிதத்தில் என்று வைத்துக்கொண்டார்கள். அதாவது கன மீட்டருக்குச் சுமார் முக்கால் டன். மீதி எல்லாம் அறை, தாழ்வாரம், வெற்றிடம். அப்படியும் ஆயிரம் லட்சம் கோடி டன்னுக்கு மேல் உருக்கு வேண்டும், அன்றைய உலக உற்பத்தியான வருடத்துக்கு 130 கோடி டன்னை வைத்துப் பார்த்தால் 8,33,315 வருடம்! உத்தேசக் கணக்கில் அந்தக் கடைசி 15 வருடம் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது உலகம் 190 கோடி டன் அளவில் தயாரிக்கிறது, ஆக ஐந்தேமுக்கால் லட்சம் வருடத்தில் முடித்துவிடலாம். இது உருக்குக்கு மட்டும், மேலே ஏற்றுவது தனி.

சரி, படத்தில்? கட்டுமானம் தொடங்கியதற்கும் முடிந்ததற்கும் நடுவே ஏறக்குறைய 19 வருடம். அதற்கு நம் உற்பத்தியைப் போல முப்பதாயிரம் மடங்கு தேவை. இரும்புக்குப் பஞ்சமில்லை, உலோகம் நிறைந்ததாகக் கருதப்படும் சைக்கி என்ற சிறுகோளே 220 கிலோமீட்டர் இருக்கிறது. உருக்க உலைதான் இல்லை. 2013-ல் வெள்ளை மாளிகையோ, கோள்களை வெடிக்கவைப்பதை ஆதரிப்பதில்லை என்று டெத் ஸ்டார் கட்டச் சொன்ன ஒரு மனுவுக்குப் பதில் எழுதி நழுவிக்கொண்டது.