கும்மட்டம் யாருடையது?

அன்புள்ள சார்,

போன மாதம் ஒரு சுற்றுலாக் குழுவோடு இஸ்தான்புல் போய்வந்தேன். ஹாகியா சோஃபியாவைக் காட்டிய வழிகாட்டி, இதைப் பார்த்துத்தான் துருக்கியர்கள் எல்லாப் பள்ளிவாசல்களையும் கட்டினார்கள் என்றார். எங்கள் குழுவில் வந்த ஒரு பெரியவர், கும்மட்டம் என்றாலே இஸ்லாமியக் கட்டடக்கலைதானே என்று அவரோடு வாதம் செய்தார். எனக்கோ எங்கே அண்ணாந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. உண்மையில் வித்தியாசம் உண்டா?

க., கோவை

அன்புள்ள க.,

பெரியவர் சொன்னது சரியில்லை, வழிகாட்டி சொன்னது பாதி சரி. கும்மட்டம் கிறிஸ்தவம், இஸ்லாம் என்ற இரண்டு மதங்களுக்கும் பொதுவான பழைய சொத்து. ரோமில் 43 மீட்டர் அகலத்துக்குப் பாந்தியன் என்ற கோயிலின் கும்மட்டத்தைப் போட்டவர்கள் தங்கள் பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்கள். அது தேவாலயமானது 609-இல்தான். இஸ்லாம் வருவதற்கு முன்பே பாரசீகத்து சாசானிய அரசர்கள் அரண்மனைக்கே கும்மட்டம் வைத்தார்கள். நபிகள் மதீனாவில் எழுப்பிய பள்ளிவாசலுக்கு இருந்தது பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும்தான். அவ்வளவு தூரம் ஏன், நம் கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளியைப் பாருங்கள், கல்தூணும் தட்டைக் கூரையுமாகத்தான் நிற்கிறது, தொழுகைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அண்ணாந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் கும்மட்டத்துக்குக் கீழே, தரையில் இருக்கிறது.

ஹாகியா சோஃபியாவைத் தேவாலயமாக 532-இல் தொடங்கி 537-இல் முடித்துவிட்டார்கள், வெறும் ஐந்து வருடம். சதுரமான அடித்தளத்தின் மேல் வட்டமான கும்மட்டத்தை உட்கார வைப்பதுதான் அங்கே பெரிய சிக்கல். நான்கு பெரிய வளைவுகளை எழுப்பி, மூலைகளில் வரும் இடைவெளியை உட்பக்கம் குழிந்த முக்கோணங்களால் அடைத்து, அவற்றின் தலை சேரும் வட்டத்தில் கும்மட்டத்தை ஏற்றினார்கள். முதலில் போட்டது கொஞ்சம் தட்டையானது. தட்டையாக இருக்க இருக்க அது கீழே அழுத்துவதைவிட வெளியே தள்ளுவது அதிகம், தூண்கள் சாய ஆரம்பித்தன, நிலநடுக்கங்களும் சேர்ந்துகொள்ள 558-இல் இடிந்து விழுந்தது. நீங்கள் பார்த்தது அதைவிட உயர்த்தி 562-இல் முடித்த இரண்டாவது கும்மட்டத்தை. அதுவும் பிறகு இரண்டு தடவை பாதி பாதியாக விழுந்து ஒட்டுப்போட்டது.

அந்தத் தள்ளுவிசையைத் தாங்கக் கிழக்கிலும் மேற்கிலும் அரைக்கும்மட்டங்கள் இருக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் இல்லை, அங்கே தூண்வரிசையும் மேலே ஜன்னல் வைத்த சுவரும்தான். ஏனென்றால் அது தேவாலயம். சக்கரவர்த்தியும் பாதிரிமார்களும் ஊர்வலமாக மேற்கிலிருந்து கிழக்கே பலிபீடத்தை நோக்கிப் போக வேண்டும். அதனால் நடு வெளி நீளவாக்கில் ஓடுகிறது. பக்கத்து நடைகளில் நின்றவர்களுக்குத் தூண்களுக்கு நடுவே தெரிந்த அளவுதான். ரோமின் புனித பேதுரு பேராலயத்திலும் இதே கதைதான், நீண்ட கூடத்தைக் கடந்து போனால்தான் பலிபீடத்துக்கு நேர் மேலே கும்மட்டம் திறக்கும்.

பள்ளிவாசலுக்கு இது ஒத்துவராது. தொழுகையில் ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து அகலவாக்கில் வரிசை கட்டுவார்கள், குறுக்கே தூண் வந்தால் சஃப்பு, அதாவது அந்த வரிசை, அறுந்துபோகும். 1453-இல் ஹாகியா சோஃபியா பள்ளிவாசலானபோது இன்னொரு சிக்கலும் வந்தது: கட்டடம் பார்க்கும் திசையும் மக்கா இருக்கும் திசையும் ஒன்றில்லை. அதனால் மக்காவின் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபை நடுவில் வைக்காமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்தார்கள். கம்பளத்தின் கோடுகளும் கட்டடத்துக்குச் சாய்வாகத்தான் ஓடுகின்றன. மாடியிலிருந்து குனிந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். எனக்கு அந்த மொத்தக் கட்டடத்திலும் மறக்க முடியாத இடம் அதுதான்.

துருக்கியர்கள் அப்படியே காப்பி அடித்திருந்தால் இந்தச் சிக்கல் கடைசிவரை தீர்ந்திருக்காது. தீர்த்தவர் சினான் என்ற கட்டடக் கலைஞர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து சுல்தானின் படைக்குப் பிடித்துப் போகப்பட்டவர். சுலைமானியே பள்ளிவாசலில் ஹாகியா சோஃபியாவின் அமைப்பையே வைத்து, பக்கத் தூண்களை மட்டும் குறைத்துப் பார்த்தார். அப்புறம் எண்பதை நெருங்கும் வயதில் எடிர்னே நகரத்தில் செலிமியே பள்ளிவாசலைக் கட்டினார். கும்மட்டம் ஏறக்குறைய ஹாகியா சோஃபியாவின் அதே 31 மீட்டர் அகலம்தான், ஆனால் நான்குக்குப் பதிலாக எட்டுத் தூண்கள், எட்டையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். வாசலில் கால் வைத்ததுமே முழுக் கட்டடமும் ஒரே வெளியாக வந்து விழுகிறது. எங்கே நின்றாலும் மிஹ்ராப் தெரியும். அங்கே முதல் தடவை நுழைந்தபோது நான் செருப்பைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அதே வருடங்களில் ஹாகியா சோஃபியாவுக்கு முட்டுச்சுவர் கொடுத்துப் பலப்படுத்தியவரும் இந்த சினான்தான். உங்கள் வழிகாட்டி இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

ஒன்று கேட்கிறேன், நீங்கள் ஹாகியா சோஃபியா மாடியிலிருந்து எடுத்த படங்களில் கம்பளம் விழுந்திருக்கிறதா? இருந்தால் அனுப்பிவையுங்கள்.