மலையே இல்லாத சிங்கப்பூரில் வாழ்ந்துகொண்டு, உயர்ந்த சிகரங்களில் ஏறுவதைப் பொழுதுபோக்காகக் கொள்ள முடியுமா?

முடியும். சிங்கப்பூர்க் குழுவைச் சேர்ந்த எட்வின் சியூவும் கூ சுவீ சியாவும் 1998 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியை எட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் அங்கே நின்றுவிட்டார்கள்.

புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான் என்றாலும், கால்களைப் பழக்க இத்தீவில் இடப்பஞ்சம் இல்லை. முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் படிகளில் ஏறி, முழங்காலைக் காக்க மின்தூக்கியில் இறங்கி, மறுபடியும் ஏறுவதுதான் என் வழக்கம். (மின்தூக்கி பழுதா என்று அண்டை வீட்டார் விசாரிப்பதுண்டு.) இறங்கிப் பழக, ஜொகூரில் 1,276 மீட்டர் உயரமுள்ள குனுங் லேடாங் இருக்கிறது.

இங்கே பழக முடியாதது உயரம் மட்டுமே. ஏறத்தாழ 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும்; அதற்கு உடல் இணங்கிவர நாள்கள் பிடிக்கும், மாரத்தான் ஓடுபவருக்கும் இதில் சலுகை கிடையாது. அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும் என்றும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்கிவிட வேண்டும் என்றும் மலை மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் நாடும், மலேசியாவின் சபாவிலுள்ள கினபாலு மலையை (4,095 மீட்டர்) வைத்து நம் உடலை எடைபோடக் கூடாது என்பது என் கருத்து. வழக்கமான இரண்டு நாள் பயணத்தில், 1,866 மீட்டரிலுள்ள திம்போஹோன் வாயிலில் புறப்பட்டு, அன்றிரவே சுமார் 3,270 மீட்டரில் படுத்து, விடியுமுன் உச்சிக்குக் கிளம்பி, அன்றே அடிவாரம் திரும்பிவிடுகிறோம். தலைவலியும் குமட்டலும் முற்றுவதற்குள் இறங்கிவிடுவதால் பலர் தப்பிக்கிறார்கள்; உயரம் தமக்கு ஒத்துக்கொண்டது என்று அதை எண்ணி நேப்பாளத்தில் அவசரப்படுவது ஆபத்து. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டால், தாமதிக்காமல் கீழே இறங்குவதே முதல் சிகிச்சை.

எனவே விலையுயர்ந்த காலணிக்குப் பணம் சேர்ப்பதைவிட, ஆண்டு விடுப்பைச் சேர்ப்பது முக்கியம். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் (5,364 மீட்டர்) போகும் வழியில், நாம்சே பஜார் என்ற ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதை விடுப்பில்லை என்று வெட்டிவிடும் பயணத் திட்டத்தை நான் ஏற்கவே மாட்டேன். பயணக் காப்புறுதியையும் படித்துப் பாருங்கள்: சாதாரணத் திட்டங்கள் பலவும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஹெலிகாப்டர் மீட்புச் செலவை ஏற்பதில்லை.